பூஞ்சைக்கு இரும்பு உணவு என்பதற்காக வீட்டில் எல்லாரும் இரும்புச்சத்தை நிறுத்த வேண்டுமா?

காரைக்குடிக்குப் பக்கத்து ஊரிலிருந்து 42 வயதுச் சகோதரி ஒருவர், பரிசோதனை அறிக்கைகளின் நகல்களையும் இணைத்து நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். அடையாளம் தெரியக்கூடிய விவரங்களை நீக்கிவிட்டு அதன் சாரத்தை மட்டும் இங்கே தருகிறேன்.

அவருடைய ஆத்தாவுக்கு, அதாவது அம்மாவுக்கு, வயது 64. பதினெட்டு ஆண்டுகளாகச் சர்க்கரை நோய். கடைசி ஐந்து ஆண்டுகளாக இரண்டு வேளையும் இன்சுலின் ஊசி. ஆண்டுதோறும் தைப்பூசத்துக்குக் குன்றக்குடியிலிருந்து காவடிகளோடு பழனிக்கு நடந்து போகிறவர். இந்த ஆண்டு, வழியில் நேரத்துக்குச் சாப்பாடு கிடைக்காமல் ஊசி போட்டால் மயக்கம் வந்துவிடும் என்று பயந்து, நடந்த நாள்கள் முழுவதும் இன்சுலினை நிறுத்தியிருக்கிறார். திரும்பி வந்த பிறகும் ஒழுங்காகத் தொடரவில்லை. அடுத்த வாரமே, பங்காளி வீட்டுத் திருமணத்துக்காகப் பல ஆண்டுகள் பூட்டிக் கிடந்த பூர்வீக வீட்டைத் திறந்து, இரண்டாம் கட்டில் தூசி தட்டி, புறா எச்சம் கூட்டி, ஓதம் பிடித்த சாமான்களை வெளியே எடுத்துப் போட்டிருக்கிறார்கள்; ஆத்தாவும் கூட நின்று வேலை செய்திருக்கிறார். நான்கு நாளில் வாந்தி, மேல்மூச்சு, வலக் கன்னத்தில் வலியும் மரத்துப்போன உணர்வும், கண்ணைச் சுற்றி வீக்கம். மதுரையில் ஒரு பெரிய மருத்துவமனையில் சேர்த்தபோது சர்க்கரை 500ஐத் தாண்டியிருந்தது, இரத்தம் அமிலமாகியிருந்தது, சதைப் பரிசோதனையில் மியூகர் பூஞ்சை உறுதியானது. மூக்கையொட்டிய எலும்பறைகளையும் மேல் தாடையின் ஒரு பகுதியையும் அறுவை செய்து அகற்றினார்கள். கண் தப்பியது. நான்கு வாரம் ஆம்ஃபோடெரிசின் ஊசி மருந்து ஏற்றி, இப்போது போசகோனசோல் மாத்திரையோடு வீட்டில் இருக்கிறார்.

கடிதத்தின் துயரமான பகுதி இதற்குப் பின்னால்தான் வருகிறது. 'பூஞ்சை இரும்பைத் தின்றுதான் வளர்கிறது' என்று ஒரு காணொளியில் கேட்ட நாளிலிருந்து இந்தச் சகோதரி வீட்டிலிருந்து இரும்பையே வெளியேற்றத் தொடங்கியிருக்கிறார். முருங்கைக்கீரை, ஈரல், சுவரொட்டி (ஆட்டு மண்ணீரல்) எல்லாம் நின்றுவிட்டன. அப்பத்தா காலத்து இரும்புச் சட்டியைப் பழைய இரும்புக்காரரிடம் போட்டுவிட்டார். மாதவிடாயில் அதிக இரத்தப்போக்கு உள்ள அவர் தமக்குத் தந்த இரும்பு மாத்திரையையும், 16 வயது மகளுக்குப் பள்ளியில் வாரந்தோறும் தரும் நீல மாத்திரையையும்கூட நிறுத்திவிட்டார். சிங்கப்பூரில் இருக்கும் தம்பி, தலசீமியா என்ற பரம்பரை இரத்தநோய் உள்ள குழந்தைகளுக்குக் கொடுக்கும் 'இரும்பை இறக்கும் மருந்து' ஆத்தாவுக்கும் கிடைத்தால் பூஞ்சை பட்டினி கிடந்து சாகுமே என்று கேட்கிறார். அயித்தையோ, இரத்தம் ஊற வேண்டுமென்று பேரீச்சம்பழமும் கருப்பட்டியும் கொண்டுவந்து குவிக்கிறார். யார் சொல்வது சரி, பூர்வீக வீட்டைத் திறந்ததால்தான் இந்த நோய் வந்ததா, மருத்துவமனையில் ஏற்றிய இரண்டு யூனிட் இரத்தமே பூஞ்சைக்குத் தீனியாகிவிட்டதா, ஆத்தாவுக்கு இரத்தம் குறைவாக இருந்தும் இரும்பு மாத்திரை எழுதாமல் விட்டது கவனக்குறைவா என்பவை அவருடைய கேள்விகள். போகிற போக்கில், தமக்கு ஓராண்டாக அடிக்கடி வரும் அரிப்போடு கூடிய வெள்ளைப்படுதலைப் பற்றியும் இரண்டு வரி எழுதியிருக்கிறார்.

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் ஆத்தா உயிர் பிழைத்து வீட்டுக்கு வந்திருக்கிறார், கண்ணையும் இழக்கவில்லை. இந்த நோயில் அது எளிதில் கிடைக்கும் முடிவன்று. கன்னம் மரத்துப்போன அன்றே காத்திருக்காமல் வண்டி பிடித்தீர்களே, அதற்கு இதில் பெரிய பங்கு உண்டு. அதை முதலில் சொல்லிவிட்டு விஷயத்துக்கு வருகிறேன். நீங்கள் கேட்ட காணொளி பொய் சொல்லவில்லை. ஆனால் உண்மையின் முதல் பாதியோடு நிறுத்திக்கொண்டது. மறுபாதி தெரியாததால், உங்கள் வீட்டில் இன்று ஆபத்தில் இருப்பவர்களின் வரிசையில் நீங்களும் சேர்ந்துவிட்டீர்கள்.

உடலில் இரும்பு எங்கே இருக்கிறது

வளர்ந்த ஒருவரின் உடலில் மொத்தம் 3 முதல் 4 கிராம் இரும்பு இருக்கிறது. அதில் மூன்றில் இரண்டு பங்குக்கும் மேல் சிவப்பணுக்களின் ஹீமோகுளோபினுக்குள் அடைபட்டிருக்கிறது. மிச்சத்தில் பெரும்பகுதி கல்லீரலிலும் தற்காப்பு அணுக்களிலும் ஃபெரிட்டின் என்ற புரதக் கூட்டுக்குள் சேமிப்பாக உள்ளது. ஒரு ஃபெரிட்டின் கூட்டுக்குள் 4,500 இரும்பணுக்கள் வரை அடங்கும். இரத்தத்தில் ஓரிடத்திலிருந்து மற்றோரிடத்துக்குப் போகும் சிறிதளவு இரும்பும் தனியாகப் போவதில்லை. டிரான்ஸ்ஃபெரின் என்ற புரதம் ஒவ்வொன்றும் இரண்டிரண்டு இரும்பணுக்களை இறுகப் பற்றிக்கொண்டு செல்கிறது. சாதாரணமாக அந்தப் புரதத்தின் பிடிகளில் மூன்றில் ஒரு பங்குதான் நிரம்பியிருக்கும். மீதி காலியாகவே இருப்பதால், தப்பித்தவறி எங்காவது ஓர் இரும்பணு சிந்தினாலும் உடனே பிடிபட்டுவிடும். கண்ணீர், எச்சில், தாய்ப்பால், மூக்குச் சளி ஆகியவற்றில் லாக்டோஃபெரின் என்ற இன்னொரு புரதம் இதே காவலைச் செய்கிறது.

ஆகவே கிருமியின் பக்கமிருந்து பார்த்தால், மனித உடல் இரும்பு நிறைந்த வீடுதான்; ஆனால் ஒவ்வோர் அறையும் பூட்டியிருக்கும் வீடு. இரும்பைக் கொடுக்காமலே கிருமியை ஒடுக்கும் இந்த முறைக்கு யூஜீன் வைன்பெர்க் என்ற அமெரிக்க நுண்ணுயிரியல் அறிஞர் 1975இல் 'ஊட்டச்சத்து வழி எதிர்ப்பாற்றல்' என்று பொருள்படும் பெயரைச் சூட்டினார். நோய் தொற்றியதும் உடல் இந்தப் பூட்டுகளை மேலும் இறுக்குகிறது. கல்லீரல் ஹெப்சிடின் என்ற ஹார்மோனைச் சுரக்கிறது. அது குடலிலிருந்து இரும்பு உள்ளே வரும் வாசலையும், தற்காப்பு அணுக்களிலிருந்து இரும்பு வெளியேறும் வாசலையும் ஒரே நேரத்தில் அடைத்துவிடுகிறது. இந்த ஹெப்சிடினை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் கேள்விகளில் இரண்டுக்கு அதில்தான் விடை இருக்கிறது.

பூஞ்சைகள் எப்படி எடுக்கின்றன

எல்லாப் பூஞ்சையும் ஒரே வழியில் இரும்பை எடுப்பதில்லை. ஆஸ்பர்ஜில்லஸ் ஃபூமிகேட்டஸ் என்ற நுரையீரல் பூஞ்சை, சிடெரோஃபோர் எனப்படும் சிறிய மூலக்கூறுகளைத் தானே செய்து வெளியே அனுப்புகிறது. அவை டிரான்ஸ்ஃபெரினின் பிடியிலிருந்தே இரும்பைக் கவர்ந்துகொண்டு பூஞ்சையிடம் திரும்புகின்றன. இந்த மூலக்கூறுகளைச் செய்யும் மரபணுவை நீக்கிவிட்டால் அந்தப் பூஞ்சையால் எலிகளுக்கு நோய் உண்டாக்க முடிவதில்லை என்று 2004லேயே காட்டிவிட்டார்கள். நம்மில் பலருடைய வாயிலும் குடலிலும் அமைதியாக வாழும் கேண்டிடா ஆல்பிகன்ஸ் தனக்கென்று சிடெரோஃபோர் செய்வதில்லை. மற்ற நுண்ணுயிர்கள் செய்து வைத்ததை எடுத்துக்கொள்கிறது. அதற்கு மேல், சிவப்பணுவை உடைத்து ஹீமோகுளோபினிலிருந்து இரும்பு கோத்த ஹீம் பகுதியைப் பிரித்து, தன் சுவரில் உள்ள புரதங்கள் கைமாற்றிக் கைமாற்றி உள்ளே கொண்டுபோகும்படி செய்கிறது. ஃபெரிட்டின் கூட்டில் ஒட்டிக்கொண்டும் இரும்பை எடுக்கிறது. இத்தனை வழிகள் இருந்தும், இரும்பை உள்ளே இழுக்கும் ஒரு முக்கியப் புரதம் இல்லாமல் போனால் எலிகளில் அதன் வீரியம் போய்விடுகிறது என்று 2000ஆம் ஆண்டு வெளிவந்த ஆய்வு ஒன்று தெரிவித்தது. இந்தக் கிருமிகளுக்கு இரும்பு எவ்வளவு இன்றியமையாதது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை.

உங்கள் ஆத்தாவைத் தாக்கிய மியூகர் வகை வேறு விதமானது. இந்தியாவில் பெரும்பாலும் ரைசோபஸ் என்ற இனமே இந்த நோயைத் தருகிறது. ஊசிப்போன ரொட்டியிலும் அழுகும் பழத்திலும் மண்ணிலும் வளர்கிற அதே இனந்தான். இதுவும் ரைசோஃபெரின் என்ற சிடெரோஃபோரைச் செய்கிறது. ஆனால் மனித இரத்தத்தில் டிரான்ஸ்ஃபெரினின் பிடியை விடுவிக்க அது பெரிதாக உதவுவதில்லை. பூட்டை உடைக்கத் தெரியாத இந்தப் பூஞ்சை, பூட்டு தானாகத் திறந்துகொள்ளும் வேளையில்தான் வெறிகொண்டு வளர்கிறது.

அந்தப் பூட்டு எப்போது திறக்கும்? இன்சுலின் இல்லாத உடல் சர்க்கரையை எரிக்க முடியாமல் கொழுப்பை எரிக்கிறது. அதில் உண்டாகும் கீட்டோன் அமிலங்கள் இரத்தத்தை அமிலமாக்குகின்றன. 7.4 ஆக இருக்க வேண்டிய அமில-கார அளவு (pH) 7.3க்கும் கீழே இறங்கும்போது டிரான்ஸ்ஃபெரினின் பிடி தளர்ந்து இரும்பு நழுவுகிறது. நீண்ட காலம் உயர்ந்திருக்கும் சர்க்கரை அந்தப் புரதத்தின் மேலேயே ஒட்டிக்கொண்டு பிடியை மேலும் கெடுக்கிறது. கீட்டோன் அமில நிலையில் இருந்த நோயாளிகளின் இரத்த நீரை எடுத்துப் பார்த்தபோது, அது அமிலமாக இருந்த வரை ரைசோபஸ் செழித்து வளர்ந்தது, காரமாக்கியதும் வளரவில்லை. 1982இல் வெளிவந்த அந்த ஆய்வை இன்று படித்தாலும் எனக்கு உங்கள் ஆத்தாவைப் போன்ற நோயாளிகளின் முகங்கள்தான் நினைவுக்கு வருகின்றன. கேடு அதோடும் நிற்பதில்லை. உயர்ந்த சர்க்கரையும் நழுவிய இரும்பும் சேர்ந்து, இரத்தக் குழாயின் உள்சுவர் அணுக்கள் தம் மேற்பரப்பில் ஒரு புரதத்தை அதிகமாக நிறுத்தும்படி செய்கின்றன. பூஞ்சை அதைத்தான் கைப்பிடியாகப் பற்றிக் குழாய்க்குள் நுழைகிறது. குழாய் அடைபட்டுச் சதை செத்துக் கருக்கிறது. 2021இல் கொரோனா இரண்டாம் அலையின்போது ஊரெல்லாம் பேசிய 'கருப்புப் பூஞ்சை' என்ற பெயரில் உள்ள கருமை, செத்த சதையின் நிறமே. அந்த மே மாதம் தமிழ்நாடு அரசு இதைக் கட்டாயம் தெரிவிக்க வேண்டிய நோயாக அறிவித்தது. அப்போது பாதிக்கப்பட்டவர்களில் மிகப் பலர் கட்டுப்படாத சர்க்கரையோடு ஸ்டீராய்டும் எடுத்தவர்கள்.

எனவே பூஞ்சைக்குப் போய்ச் சேர்ந்த இரும்பு உங்கள் இரும்புச் சட்டியிலிருந்து போகவில்லை. ஆத்தாவின் உடலிலேயே பிறந்தநாள் தொட்டு இருந்து வந்த இரும்பு, இன்சுலின் நின்ற நாள்களில் காவல் இழந்தது. ஊசி போட்டால் மயக்கம் வரும் என்று அவர் பயந்ததில் நியாயம் உண்டு. உணவு குறையும்போது இன்சுலின் அளவைக் குறைக்கத்தான் வேண்டும். ஆனால் குறைப்பது வேறு, அடியோடு விடுவது வேறு. இந்த வேறுபாட்டைப் பயணத்துக்கு முன் யாராவது அவருக்குச் சொல்லியிருக்க வேண்டும். சொல்லாமல் போனது எங்கள் தொழிலின் குறை. அவர் மேலோ உங்கள் மேலோ பழியில்லை.

பூர்வீக வீடும் ஏற்றிய இரத்தமும்

இந்தப் பூஞ்சையின் விதைத்தூள் காற்றில் எங்கும் இருக்கிறது. நீங்களும் உங்கள் மகளும் கூட்டிப் பெருக்கிய பங்காளிகளும் அதே அறையில் அதே காற்றைத்தான் மூச்சிழுத்தீர்கள். உங்கள் வெள்ளணுக்கள் அதை அழித்துவிட்டன. கீட்டோன் அமில நிலையில் அந்த வெள்ளணுக்களும் சோர்ந்துவிடும். பூட்டிய வீட்டைத் திறந்ததால் தூசி கூடுதலாக மூக்குக்குள் போயிருக்கலாம் என்பதை நான் மறுக்கவில்லை. ஆனால் சர்க்கரை கட்டுக்குள் இருந்திருந்தால் அந்தத் தூசி ஒரு தும்மலோடு போயிருக்கும். வீட்டுக்குத் தோஷம் என்று யாராவது சொன்னால் மனத்தில் ஏற்றிக்கொள்ள வேண்டாம். இது ஒருவரிடமிருந்து மற்றவருக்கு ஒட்டுகிற நோயும் அன்று. ஆத்தாவின் தட்டையும் தலையணையையும் தனியாக வைத்திருந்தால், தயவுசெய்து இன்றே அதை நிறுத்துங்கள். மருந்து முடியும் வரை அவர் தூசி கிளம்பும் இடத்துக்கும், புறா அடையும் மாடிக்கும், வெறுங்காலோடு தோட்டத்து மண்ணுக்கும் போகாமல் இருந்தால் போதும். புறா எச்சத்தில் வளரும் கிரிப்டோகாக்கஸ் என்ற வேறொரு பூஞ்சையும் எதிர்ப்பாற்றல் குறைந்தவர்களைத் தாக்கும் என்பதால் இதைச் சொல்கிறேன்.

ஏற்றிய இரத்தத்தைப் பற்றி. ஒரு யூனிட் இரத்தத்தில் 200 முதல் 250 மில்லிகிராம் இரும்பு இருப்பது உண்மை. ஆனால் அது ஹீமோகுளோபினுக்குள் அடைபட்ட இரும்பு. முகத்து எலும்பை அகற்றும் பெரிய அறுவையில் இரத்தம் நிறைய வடியும். ஹீமோகுளோபின் 7க்குப் போன நிலையில் இரத்தம் ஏற்றாமல் அந்த அறுவையைச் செய்திருக்க முடியாது. அறுவை இல்லாவிட்டால் அவர் இன்று உங்களோடு இருந்திருக்க மாட்டார். இதை நினைத்து ஒரு நாள் தூக்கத்தைக்கூட நீங்கள் கெடுத்துக்கொள்ள வேண்டியதில்லை.

இரும்பை இறக்கும் மருந்து

உங்கள் தம்பியின் யோசனை புத்திசாலித்தனமானதுதான். மருத்துவ உலகமே அதை யோசித்துப் பார்த்தது. அதன் வரலாறு கசப்பானது என்பதால் சற்று விரிவாகவே சொல்ல வேண்டியிருக்கிறது.

உடலில் மிகையாகச் சேர்ந்த இரும்பையும் அலுமினியத்தையும் நீக்க டெஃபெராக்ஸமின் என்ற மருந்து சிறுநீரகச் சுத்திகரிப்பு செய்துகொள்ளும் நோயாளிகளுக்குக் கொடுக்கப்பட்டு வந்தது. 1980களில் அவர்களிடையே மியூகர் நோய் தலைகாட்டத் தொடங்கியதும் மருத்துவர்கள் திகைத்தார்கள். இரும்பை நீக்கும் மருந்து எப்படிப் பூஞ்சையை வளர்க்கும்? அந்த மருந்தே ஒரு பாக்டீரியா செய்யும் சிடெரோஃபோர் என்பதுதான் விடை. மனிதனுக்கு அது இரும்பைப் பறிக்கும் கருவி. ரைசோபஸுக்கோ, இரும்பை ஏந்திக்கொண்டு வாசலுக்கே வரும் தட்டு. அதைப் பற்றிக்கொள்ள அந்தப் பூஞ்சையின் மேற்பரப்பில் தனிப் புரதங்களே இருக்கின்றன.

பிறகு டெஃபெராசிராக்ஸ் என்ற மாத்திரை வந்தது. இதிலிருந்து ரைசோபஸால் இரும்பை எடுக்க முடியாது. எலிகளில் நல்ல பலன் தெரிந்தது. நம்பிக்கையோடு மனிதர்களில் செய்த சிறிய ஆய்வின் முடிவு 2012இல் வெளிவந்தது. மொத்தம் 20 நோயாளிகள். வழக்கமான மருந்தோடு டெஃபெராசிராக்ஸும் பெற்ற 11 பேரில் 9 பேர் 90 நாளுக்குள் இறந்தார்கள். அந்த மாத்திரை பெறாத 9 பேரில் இறந்தவர்கள் 2 பேர். மாத்திரை பெற்ற பிரிவில் புற்றுநோய் போன்ற கடும் நோய் உள்ளவர்கள் கூடுதலாக அமைந்துவிட்டார்கள் என்பதால் மருந்தையே முழுக் குற்றவாளியாக்க முடியாது. ஆயினும் அதற்குப் பின் இதை மியூகர் நோய்க்குத் தொடக்க மருத்துவமாக யாரும் பரிந்துரைப்பதில்லை. அந்த மாத்திரை சிறுநீரகத்தையும் கெடுக்கக்கூடியது. ஆம்ஃபோடெரிசினால் ஏற்கெனவே அடிபட்ட சிறுநீரகத்தோடு இருக்கும் ஆத்தாவுக்கு அதை வாங்கி அனுப்ப வேண்டாம் என்று தம்பியிடம் அன்போடு சொல்லிவிடுங்கள். அவருக்கு உதவ மனம் இருக்கிறது. நல்ல குளுக்கோமீட்டரும் அதற்குரிய பட்டைகளும் வாங்கி அனுப்பச் சொல்லுங்கள்.

ஆத்தாவுக்கு ஏன் இரும்பு மாத்திரை எழுதவில்லை

நீங்கள் அனுப்பிய அறிக்கையில் ஆத்தாவின் ஹீமோகுளோபின் 9.1, ஃபெரிட்டின் 640, டிரான்ஸ்ஃபெரின் நிறைவு 14 சதவீதம். கடைசி எண்ணை மட்டும் பார்த்து இரும்பு போதவில்லை என்று நினைத்துவிட்டீர்கள். மூன்றையும் சேர்த்துப் படியுங்கள்: கிடங்கில் இரும்பு நிறைய இருக்கிறது, தெருவில்தான் நடமாட்டமில்லை. நான் மேலே சொன்ன ஹெப்சிடினின் வேலை இது. தொற்றும் அழற்சியும் இருக்கும் வரை கிடங்கு திறக்காது. குடலும் மாத்திரையிலுள்ள இரும்பை உள்ளே விடாது. ஆம்ஃபோடெரிசினும் தன் பங்குக்கு, இரத்தம் ஊறச் சொல்லிச் சிறுநீரகம் அனுப்பும் ஹார்மோனைக் குறைத்துவிடும். இந்த நிலையில் மாத்திரை கொடுத்தால் பலன் மிகக் குறைவு. ஊசி வழியாக இரும்பு ஏற்றுவதோ, தீவிரத் தொற்று இருக்கும்போது தவிர்க்க வேண்டிய செயல். எழுதாமல் விட்ட மருத்துவர் தெரிந்துதான் விட்டிருக்கிறார். காரணத்தை உங்களிடம் உட்கார்ந்து சொல்ல அவருக்கு நேரம் வாய்க்கவில்லை போலும். இன்னும் இரண்டு மாதத்தில் சிஆர்பி என்ற அழற்சிப் பரிசோதனையோடு இந்த மூன்றையும் மறுபடி பார்க்கச் சொல்லுங்கள். பெரும்பாலும் தொற்று அடங்க அடங்க ஹீமோகுளோபின் தானே ஏறும்.

உணவில் உள்ள இரும்புக்கு அவர் அஞ்ச வேண்டியதில்லை. குடல் ஒரு நாளில் 1 முதல் 2 மில்லிகிராம் இரும்பைத்தான் உள்ளே விடுகிறது. முருங்கைக்கீரையோ ஈரலோ அந்தக் கணக்கைக் குலைத்துவிடாது. தாடையில் அறுவை ஆனவருக்குக் கீரையை மசித்தும், ஈரலைக் குழைய வேகவைத்தும், முட்டை, மீன், பருப்பு என்று புரதம் தாராளமாகக் கொடுங்கள். புண் ஆறப் புரதம் வேண்டும். நான் அஞ்சுவது அயித்தை கொண்டுவந்த பேரீச்சம்பழத்துக்கும் கருப்பட்டிக்கும், விசேஷம் என்று வரும் கவுனி அரிசிக்கும்தான். அவற்றிலுள்ள இரும்பு கொஞ்சம், சர்க்கரையோ நிறைய. இரத்தம் ஊறட்டும் என்று அன்போடு ஊட்டுகிற அந்தக் கருப்பட்டிதான், டிரான்ஸ்ஃபெரினின் பிடியைத் தளர்த்தும் நிலைக்கு அவரை மறுபடி கொண்டுபோகக் கூடியது. அயித்தை மனம் நோகாமல் இதைச் சொல்வது உங்கள் சாமர்த்தியம்.

மருந்தைப் பற்றி இரண்டு வார்த்தை. போசகோனசோல் மாத்திரையை உணவோடு கொடுங்கள். சொன்ன நாளுக்கு முன் நிறுத்த வேண்டாம். ஆத்தாவின் பழைய மருந்துச் சீட்டில் கொழுப்புக்கான அட்டோர்வாஸ்டாட்டின் இருப்பதைக் கண்டேன். இரண்டையும் சேர்த்து எடுப்பது தசைகளைக் கடுமையாகப் பாதிக்கலாம் என்பதால், இந்தக் கடிதத்தைப் படித்தவுடன் உங்கள் மருத்துவரை அழைத்து அதைத் தொடர்வதா என்று கேளுங்கள். அதே சீட்டில் டபாகிளிஃப்ளோசின் என்ற சர்க்கரை மாத்திரையும் இருக்கிறது. இந்த வகை மாத்திரை, சர்க்கரை அதிகம் ஏறாமலேயே கீட்டோன் அமில நிலையை உண்டாக்கக் கூடும். இப்படி ஒரு முறை வந்தவருக்கு அதை மறுபடி தொடங்கலாகாது என்பது என் கருத்து. அதையும் அவரிடமே உறுதி செய்துகொள்ளுங்கள்.

இனி உங்களைப் பற்றி

நீங்கள் இரண்டு வரியில் கடந்து போனதைத்தான் நான் நெடுநேரம் படித்தேன். உங்கள் ஹீமோகுளோபின் 8.4, ஃபெரிட்டின் 6. ஆத்தாவின் எண்களோடு ஒப்பிட்டுப் பாருங்கள்: அவருடைய கிடங்கு பூட்டியிருக்கிறது, உங்களுடைய கிடங்கு காலி. இரும்பில்லாமல் உங்கள் உடலின் தற்காப்பு அணுக்களும் சரியாக வேலை செய்ய முடியாது. எந்தப் பூஞ்சையும் தொற்றாத, சர்க்கரை அமில நிலையும் இல்லாத ஒருவர் விழுங்கும் இரும்பு மாத்திரை மியூகர் நோயைக் கொண்டுவராது. பெண்களில் 57 சதவீதம் பேர் இரத்தசோகையோடு இருப்பதாகத் தேசியக் குடும்பநல ஆய்வு சொல்லும் நாட்டில், ஒரு தாய் பயத்தினால் தன் மாத்திரையையும் மகளின் மாத்திரையையும் நிறுத்துவது எனக்கு மிகுந்த வருத்தத்தைத் தருகிறது.

நாளையே தொடங்குங்கள். ஒரு நாள் விட்டு ஒரு நாள், ஒரே வேளையாக எடுத்துக்கொள்ளலாம். ஒரு மாத்திரை எடுத்ததும் ஹெப்சிடின் ஏறி, மறுநாள் வரை குடலின் வாசலைச் சாத்தி வைக்கும் என்பதால், தினமும் இரண்டு வேளை விழுங்குவதைவிட இதில் உறிஞ்சப்படும் விகிதம் கூடுதல். வயிற்று எரிச்சலும் குறையும். கொய்யாவோ நெல்லிக்காயோ எலுமிச்சைச் சாறோ கூட இருக்கட்டும். காபியும் தேநீரும் முன்னும் பின்னும் ஒரு மணி நேரம் வேண்டாம். மலம் கருத்துப் போகும், பயப்படாதீர்கள். ஆனால் மாத்திரை ஓட்டை வாளியில் ஊற்றும் தண்ணீராகிவிடக் கூடாது. அதிக இரத்தப்போக்குக்குக் காரணம் என்னவென்று மகப்பேறு மருத்துவரிடம் ஸ்கேன் எடுத்துப் பாருங்கள். மகளின் நீல மாத்திரை இந்த வாரமே தொடரட்டும். இரும்புச் சட்டி போய்விட்டது. வேறொன்று வாங்கி எண்ணெய் பழக்குங்கள். அதில் புளி சேர்ந்த மண்டியோ குழம்போ கொதிக்கும்போது சிறிதளவு இரும்பு இறங்கும். நிறம் சற்றுக் கருக்குமே தவிர, அதில் தீங்கு எதுவும் இல்லை.

அரிப்போடு வெள்ளைப்படுதல் அடிக்கடி வருகிறது என்றால் அது பெரும்பாலும் கேண்டிடா. இரும்பு மாத்திரையால் வந்ததோ என்ற உங்கள் சந்தேகத்துக்கு ஆதாரமில்லை. நீங்கள் மாத்திரையை நிறுத்திய பிறகும் அது இரண்டு முறை வந்ததாக உங்கள் கடிதமே சொல்கிறது. ஓராண்டுக்குள் மீண்டும் மீண்டும் வந்தால் முதலில் பார்க்க வேண்டியது சர்க்கரை. ஆத்தாவுக்குச் சர்க்கரை நோய். உங்களுக்கு வயது 42. கடைசியாக எப்போது பரிசோதித்தீர்கள் என்று கடிதத்தில் எங்கும் இல்லை. வெறும் வயிற்றுச் சர்க்கரை, சாப்பிட்டு இரண்டு மணி நேரத்துக்குப் பிந்திய சர்க்கரை இரண்டையும் எடுங்கள். மூன்று மாதச் சராசரிப் பரிசோதனை மட்டும் போதாது. இரும்பு இவ்வளவு குறைந்திருக்கும்போது அதன் எண் உண்மையைவிட உயர்ந்து காட்டக் கூடும்.

அடுத்த தையும் அதற்கு முன்பும்

ஆத்தா மறுபடி பழனிக்கு நடக்க வேண்டும் என்று படுக்கையிலிருந்தே சொல்கிறார் என்று எழுதியிருந்தீர்கள். அந்த ஆசை அவரைத் தேற்றும், தடுக்காதீர்கள். ஆனால் வரும் தையில் வண்டியில் போய் மலையடியில் காவடிகளோடு சேர்ந்துகொள்ளட்டும். பின்னொரு ஆண்டில் நடப்பதானால், காலுக்குப் பொருந்தும் காலணியும், குளிர்ச்சி கெடாத உறையில் இன்சுலினும், கூட வருபவர் ஒருவர் கையில் குளுக்கோமீட்டரும் இருக்க வேண்டும். எந்த அளவுக்கு ஊசியைக் குறைப்பது என்பதை முன்கூட்டியே மருத்துவரிடம் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். சாப்பிட முடியாத நாளிலும், காய்ச்சலோ வாந்தியோ வந்த நாளிலும் இன்சுலினை அடியோடு நிறுத்தலாகாது என்பதைப் பெரிய எழுத்தில் எழுதிப் பட்டாலைச் சுவரில் ஒட்டினாலும் சரிதான்.

இந்த நோய் திரும்பக் கூடியது. ஒரு பக்கக் கன்னம் மரத்தல், மூக்கிலிருந்து கருத்தோ இரத்தம் கலந்தோ வடிதல், மேலண்ணத்தில் கருப்பு, பல் ஆட்டம், இமை தொங்குதல், ஒன்று இரண்டாகத் தெரிதல், சர்க்கரை 300க்கு மேலேயே நிற்றல் ஆகிய இவற்றில் ஒன்று தெரிந்தாலும் காலை வரை காத்திருக்க வேண்டாம். அறுவை செய்த மருத்துவமனைக்கே அன்றிரவே கிளம்புங்கள். இடையில் ஃபுளுகோனசோல் போன்ற மாத்திரையை மருந்துக்கடையில் வாங்கிக் கொடுத்துப் பார்க்க வேண்டாம். அது மியூகரை ஒன்றும் செய்யாது. நாள்தோறும் காலை பல் துலக்கியதும் ஆத்தாவின் வாயைத் திறக்கச் சொல்லி, கைபேசி வெளிச்சத்தில் மேலண்ணத்தை ஒரு முறை பாருங்கள். உங்கள் சர்க்கரை அறிக்கையும் ஸ்கேன் முடிவும் வந்ததும் எனக்கு எழுதுங்கள்; அடுத்த கடிதத்தில் உங்களைப் பற்றியே பேசுவோம்.